எழுத்து அதேதான், இடம்தான் வேறு: ஆங்கிலச் சொல்லுக்கு மரத்துண்டுப் பை செய்த விபரம்

ஆங்கிலக் கொப்பி திருத்துகிறவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் எழுத்தை விட்டுவிடுவது குறைவு, இடம் மாற்றிப் போடுவதுதான் கூட. 'ஃப்ரொம்' வர வேண்டிய இடத்தில் படிவம் என்கிற 'ஃபோம்' நிற்கும். 'குவைட்' எழுதப் போய் 'குவையட்' ஆகும். தேவதையைக் கேட்டால் கோணம் வரும். ஏஞ்சலுக்கும் ஆங்கிளுக்கும் அதே ஐந்து எழுத்துகள்தான், கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. பயந்துபோனான் என்று எழுத நினைத்த பிள்ளை 'ஸ்கேர்ட்' என்பதில் இரண்டு எழுத்தைத் தள்ளிப்போட்டு 'சேக்ரட்' ஆக்கி, ஓடிய பையனைப் புனிதனாக்கிவிடும். போனில் எழுதினாலும் சிவப்புக்கோடு விழாது. இரண்டுமே அகராதியில் இருக்கிற சொற்கள், கோடு எப்படி விழும்?

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் ஊர் வாசிகசாலையில் பின்னேரங்களில் எட்டாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரை கொஞ்சப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். நான் ஆங்கில ஆசிரியர் இல்லை. கணக்கும் மரவேலையும் ஓரளவு தெரிந்த ஆள், ஆள் பற்றாக்குறைக்கு நிற்கிறேன். பிழைவிட்ட சொல்லைப் பத்துத்தரம் எழுது என்பதுதான் எங்கள் காலத்து வைத்தியம். இந்த வகைப் பிழைக்கு அது பிடிக்கவில்லை. கை எழுதிக்கொண்டிருக்கும், மனம் கிரிக்கெட்டில் நிற்கும், அடுத்த கிழமை அதே பிழை வரும். எழுத்துத் தெரியாமல் வந்த பிழை அல்லவே இது. எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு வரிசையை மட்டும் கையால் மாற்றிப் பார்க்க ஒரு சாமான் வேண்டும் என்று பட்டது. அதுதான் இந்த மரத்துண்டுகள். செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக அளவு, முறை எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எழுத்துகளை நம் பக்கத்து வழக்கப்படி எழுதுகிறேன். ரீ என்றால் டைகரின் முதல் எழுத்து, டீ என்றால் டோக்கின் முதல் எழுத்து. பீ இரண்டு இருக்கிறது. பேனாவின் பீ, பலூனின் பீ என்று பிரித்துச் சொல்கிறேன், வகுப்பிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

எந்த எழுத்துகள் என்று முடிவுசெய்தது

எழுத்துத் துண்டுகளை அடுக்கிச் சொல் செய்கிற ஸ்கிராபிள் விளையாட்டுப் பெட்டி கடையில் விற்கிறதே, அதை வாங்கினால் போதாதா என்று வாசிகசாலைத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். அல்பிரட் பட்ஸ் என்கிற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்து வீட்டிலிருந்தபோது யோசித்த விளையாட்டு அது. பத்திரிகைப் பக்கங்களை எடுத்து, எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று கையால் எண்ணியிருக்கிறார். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஈ 12, ஏயும் ஐயும் ஒன்பது ஒன்பது, ஓ 8, கியூவும் இசட்டும் ஒவ்வொன்று என்று பங்கிட்டார். எஸ் மட்டும் வெறும் 4. சொல்லுக்குப் பின்னால் ஒரு எஸ்ஸை ஒட்டிவைத்துப் புள்ளி எடுப்பது சுகமாகிவிடக் கூடாதென்று குறைத்ததாகச் சொல்வார்கள். ஸ்கிராபிள் என்ற பெயர் 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் கைக்குப் போன பிறகு வந்தது. வெற்றுத் துண்டு இரண்டையும் சேர்த்து மொத்தம் 100 துண்டுகள்.

நல்ல விளையாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அதில் எழுத்து அதிர்ஷ்டத்துக்கு வருகிறது. பைக்குள் கைவிட்டு ஏழு துண்டு எடுத்தால் யூ மூன்றும் வீ இரண்டும் வந்து நிற்கும். விளையாட்டுக்கு அது சரி. எனக்கு வேண்டியது வேறு. இன்றைக்கு இந்தச் சொற்கள் வர வேண்டும் என்றால் அதற்கான எழுத்து எல்லோர் பையிலும் இருக்க வேண்டும். அதனால் தலைகீழாகப் போனேன். எழுத்தைப் பொறுக்கிவிட்டுச் சொல் தேடவில்லை. பாடப் புத்தகத்தில் வருகிற, ஒரே எழுத்துகளைப் பங்குபோடுகிற சொல் கூட்டங்களை முதலில் எழுதிக்கொண்டு, அவற்றுக்கு எந்தெந்த எழுத்துப் போதும் என்று பார்த்தேன்.

வந்து நின்றது பதினாறு துண்டுகள்: ஏ, சீ, டீ, ஈ இரண்டு, ஜீ, எச், ஐ, எல், எம், என், ஓ, பேனாவின் பீ, ஆர், எஸ், ரீ. இந்தப் பதினாறை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். லிசன் என்பதைக் கலைத்தால் சைலன்ட். அதையே இன்னொரு தரம் கலைத்தால் படையில் சேர்க்கிற என்லிஸ்ட், கடல் உள்நுழைகிற வாய்களான இன்லெட்ஸ், அலங்காரச் சரிகையான டின்சல். எஸ், ரீ, ஓ, பீ என்ற நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். அதில் ஆறு விதம் சொல்லாகிவிடுகிறது: ஸ்டொப், போஸ்ட், ஸ்பொட், பொட்ஸ், டொப்ஸ், ஒப்ட்ஸ். ஹார்ட்டுக்குள் ஏர்த் இருக்கிறது. ஓஷன் கலைந்தால் கனூ, அதாவது நம் தோணி. லெமன் மெலன் ஆகும். பீச் பழம் மலிவாகி சீப் ஆகும். கார்டனுக்குள் டேஞ்சர் இருக்கிறது, தோட்டத்தில் பாம்பு கண்டவர்களுக்கு இது மறக்காது. மாஸ்டர் ஓடத் தொடங்கினால் ஸ்ட்ரீம். டைரெக்ட்டும் கிரெடிட்டும் ஒரே ஆறு எழுத்து. மெடிக்கல், டெசிமல், கிளெயிம்ட் மூன்றும் ஒரே ஏழு எழுத்து. ட்ரையாங்கிள் முக்கோணத்தை உடைத்தால் கணக்கிலேயே இன்னொரு சொல் வருகிறது: இன்டெக்ரல். அதே எட்டு எழுத்தில் ரிலேட்டிங், ஓல்டரிங், அலேர்ட்டிங் என்று இன்னும் மூன்று.

சென்டர் ஒரு விசேஷமான சொல். நாங்கள் பிரித்தானிய முறையில் கடைசியில் ஆர், ஈ என்று எழுதுகிறோம், அமெரிக்கர்கள் ஈ, ஆர் என்கிறார்கள். எந்த முறையில் எழுதினாலும் எழுத்துகள் அதே ஆறுதான், கலைத்தால் ரீசன்ட். சமீபத்தில் என்று பொருள் தருகிற அந்தச் சொல்லை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால் அன்றைக்கு வகுப்பு வெற்றி.

ஈ மட்டும் இரண்டு வைத்ததற்குக் காரணம் டீச்சர். டீச்சரின் ஏழு எழுத்தைக் கலைத்தால் ஏமாற்றுக்காரன் என்ற சீட்டர் வரும். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது, அதற்குத்தான் நேரம் எடுக்கும். படுவான்கரையில் வயல் செய்கிற வீட்டுப் பையன் ஒருவன்தான் பிடித்தான்: ஹெக்டேர். வீட்டில் ஏக்கர் கணக்குத்தான் கதைப்பார்கள், ஆனால் உர மானியச் செய்தி வந்தால் ஹெக்டேர் என்றுதான் வரும். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் என்பதையும் அவனே மற்றவர்களுக்குச் சொன்னான்.

தொடக்கத்தில் சொன்ன ஃப்ரொம், ஃபோம், குவைட், குவையட் இந்தப் பதினாறுக்குள் அடங்காது. அதற்கென்று ஆறு துண்டு தனிச் சிறு பையில்: எஃப், யூ, வை, கியூ, டபிள்யூ, பலூனின் பீ. ஸ்டடி கலைந்து தூசிபடிந்த டஸ்டி ஆவதும், பிரெட் கலைந்து தாடியான பியர்ட் ஆவதும், டெயரியும் டைரியும், வொஸ் கலைந்து பார்த்தேன் என்கிற சோ ஆவதும், ஹூ, ஹௌ எல்லாம் இந்தச் சிறு பையைத் திறந்தால்தான். இருபத்திரண்டையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் பிரித்து வைத்தது தெரிந்தே செய்தது. பாயில் எழுத்துக் கூடக் கூடக் கண் அலைகிறது, கை நின்றுவிடுகிறது. ஜே, கே, வீ, எக்ஸ், இசட் ஐந்தையும் விட்டுவிட்டேன்.

மரம்

நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பை, அப்படி நான்கு பை. ஒரு பைக்கு 22 துண்டு, ஆக 88. துண்டின் அளவு ஒன்றரை அங்குலச் சதுரம், கனம் அங்குலத்தில் எட்டில் மூன்று. ஸ்கிராபிள் துண்டு இதில் ஏறத்தாழப் பாதிதான் அகலம். பாயைச் சுற்றி நான்கு பேர் குந்தினால், எதிரில் இருக்கிற பிள்ளைக்கும் எழுத்துத் தெரிய இந்த அளவு வேண்டும்.

களுதாவளையில் தெரிந்த ஓடாவியார் ஒருவரிடம் ஜன்னல் நிலை செய்து மிஞ்சிய தேக்குக் கீலங்கள் கிடந்தன. நான் முதிரை கேட்டேன், பார்க்க மஞ்சளாக வடிவாக இருக்கும் என்று. அவர் சிரித்தார். முதிரை இறுகிய மரம், கைவாளுக்கு இவ்வளவு சின்ன வெட்டு வெட்டி முடியாது, துண்டும் பாரம் கூட. பிளைவுட் வெட்டினால் ஓரம் சிலும்பும், பிள்ளைகளின் விரலில் ஏறும். தேக்கு வெட்டவும் சுகம், ஈரக்காற்றுக்கு ஊதுவதும் குறைவு. எங்கள் ஊர் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரி காலத்தில் அலுமாரிக் கதவே பூட்டாது, அதனால் இந்தக் கவலை முக்கியம்.

ஒன்றரை அங்குல அகலத்தில் நான்கு அடி நீளக் கீலம் மூன்று எடுத்தோம். கைவாள் போகிற தடம் ஏறத்தாழ அங்குலத்தில் பதினாறில் ஒன்று தின்னும். ஆக ஒரு துண்டுக்கு ஒன்றரையும் பதினாறில் ஒன்றும். 48 அங்குலத்தில் முப்பது துண்டு வரும், ஒரு அங்குலச் சொச்சம் கழியும். மூன்று கீலத்துக்கு 90. தேவை 88, இரண்டு மிச்சம்.

நான் கீலத்தை நேரே வெட்டப் போனேன். ஓடாவியார் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மனே, வெட்டிப்போட்டு மறுகா தேய்க்கிறண்டா உன்ட விரல்தான் தேயும். பலகையா இருக்கக்குள்ளயே எல்லாத்தையும் முடிச்சிடு."

அவர் சொன்னபடி, முழுக் கீலத்தையும் சீவுளி போட்டுக் கனத்தைச் சரிசெய்தோம். பிறகு நடுத்தர அரத்தாள், அதற்குப் பிறகு நைஸ் அரத்தாள். நீளமான பலகை என்பதால் ஆப்புப் போட்டு இறுக்கி இரண்டு கையாலும் தேய்க்க முடிந்தது. அப்படியே மேல்முகத்துக்கு ஒரு பூச்சு மெல்லிய வார்னிஷ், டர்பன்டைன் சேர்த்துத் தண்ணியாக்கியது. இந்த முதல் பூச்சு அழகுக்கு இல்லை. வெறும் மரத்தில் பெயின்ட் வைத்தால் அது நரம்பு வழியே ஓடி எழுத்தின் ஓரம் மீசை வைக்கும். கழிவுத் துண்டு ஒன்றில் பாதிக்கு வார்னிஷ் பூசி, பாதியைச் சும்மா விட்டு, இரண்டிலும் கறுப்பு எனாமல் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரிந்தது.

வெட்டுவதற்கு மூன்று பலகைத் துண்டை ஆணியடித்து ஒரு தொட்டி செய்தார். இரண்டு பக்கச் சுவரிலும் நேருக்கு நேர் வாள் போகிற வெட்டு, அந்த வெட்டிலிருந்து சரியாக ஒன்றரை அங்குலத்தில் ஒரு தடுப்புக் கட்டை. கீலத்தைத் தள்ளித் தடுப்பில் முட்டவைத்து வெட்ட வேண்டியதுதான், ஒவ்வொரு துண்டுக்கும் அளவுகோலும் மூலைமட்டமும் தேட வேண்டியதில்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவில் விழுந்தன. கீலம் முடிகிற இடத்தில் கையால் பிடிக்க இடம் போதாது. அப்போது பின்னால் ஒரு கட்டை வைத்துத் தள்ளினோம். இதில் அவசரப்பட வேண்டாம்.

ஓரம் மழுக்க, ஒரு தட்டையான பலகையில் அரத்தாளை ஒட்டிவைத்துத் துண்டின் விளிம்பை அதில் ஒள்ளுப்பம் இழுத்தால் போதும். இந்த வேலையைப் பிள்ளைகளே செய்தார்கள். வெட்டுவாய் இருக்கிறதே, வாள் போன பக்கம், அதுதான் ஈரத்தைக் குடிக்கும். அந்த இரண்டு பக்கத்துக்கும் வார்னிஷ் இரண்டு தரம் பூசினோம்.

எழுத்துப் போட்டது

பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று கொஞ்சம் மல்லாடினேன். பெரிய எழுத்தில் எம்மும் டபிள்யூவும் தவிர மற்றவை தலைகீழானாலும் பெரிதாகக் குழப்பாது. சின்ன எழுத்து அப்படியில்லை. டீயைத் திருப்பினால் பேனாவின் பீ, பலூனின் பீயைத் திருப்பினால் கியூ, 'என்' என்ற எழுத்தைத் திருப்பினால் யூ. ஆனால் பிள்ளைகள் புத்தகத்தில் வாசிப்பதும் பரீட்சையில் எழுதுவதும் சின்ன எழுத்துத்தான். பலகையில் பெரிய எழுத்தில் சரியாக அடுக்கிவிட்டுக் கொப்பியில் சின்ன எழுத்தில் பிழைவிட்டால் என்ன பயன்? சின்ன எழுத்தே போடுவது, எல்லாத் துண்டுக்கும் அடியில் ஒரு கோடு போடுவது என்று முடிவாயிற்று. கோடு கீழே இருந்தால் எழுத்து நேர்.

அச்சுக்கு எக்ஸ்ரே படம். எல்லார் வீட்டிலும் அலுமாரிக்கு மேலே பழைய எக்ஸ்ரே ஒன்றாவது கிடக்கும். சலவைக்குப் போடுகிற ப்ளீச்சில் ஊறப்போட்டால் கறுப்புப் படலம் இளகிவிடும். பழந்துணியால் துடைத்தால் கண்ணாடிபோல் படலம் மிஞ்சும். கையுறை போட்டு, வெளிக்காற்றில் வைத்துச் செய்யுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். தெளிந்த படலத்தின் நன்மை என்னவென்றால், கீழே எழுத்தை அச்சடித்த தாளை வைத்துப் பார்த்துக்கொண்டே பிளேடால் வெட்டலாம், பிறகு துண்டின்மேல் நடுவில் வைப்பதும் சுகம். பெயர் முகவரி உள்ள மூலையை முதலே வெட்டி எறிந்துவிடுங்கள்.

எழுத்தின் வடிவத்தில் ஒரு விஷயம். புத்தக அச்சில் ஏயும் ஜீயும் தலையில் கொக்கி, காலில் சுருள் என்று வேறு மாதிரி வரும். பிள்ளைகள் கையால் எழுதுகிற வடிவத்தையே எடுத்தேன். எல்லுக்குக் கீழே ஒரு சின்ன வால் வைத்தேன், இல்லாவிட்டால் வெறும் கோடாக நிற்கும். ஏ, டீ, ஈ, ஜீ, ஓ, பீ, கியூ போன்ற வயிறுள்ள எழுத்துகளை அப்படியே வெட்டினால் வயிறு கழன்று விழுந்துவிடும். இரண்டு இடத்தில் மெல்லிய பாலம் விட்டு வெட்டி, பெயின்ட் காய்ந்த பிறகு அந்த இடைவெளியைச் சின்னத் தூரிகையால் நிரப்ப வேண்டும்.

பெயின்ட் வைக்கிறதில் ஒரே ஒரு சூட்சுமம்தான்: குறைவாக எடுங்கள். பஞ்சுத் துண்டைப் பெயின்டில் தொட்டு, பழைய பேப்பரில் இரண்டு மூன்று தரம் ஒற்றிவிட்டு, ஏறத்தாழக் காய்ந்த நிலையில் அச்சின்மேல் நேர்குத்தாகத் தட்ட வேண்டும். இழுத்துப் பூசினால் படலத்துக்கு அடியில் புகுந்துவிடும். எனாமல் நன்றாக இறுகிய பிறகுதான் மேலே கடைசி வார்னிஷ். மழை நாளில் இது எப்போது காயும் என்று கேட்டுப் பயனில்லை. விரலால் அழுத்தி, ஒட்டாவிட்டால் சரி.

சொற்களைத் தேடிய விதம்

இனி எனக்குப் பிடித்த பகுதி. ஒரே எழுத்துள்ள சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு சொல்லையும் கலைத்துக் கலைத்துப் பார்ப்பது நடக்காத காரியம். வேறு வேறு எழுத்து ஏழு இருந்தால் 5,040 விதமாக அடுக்கலாம். எதிர்ப்பக்கமாக வந்தால் வேலை மிகச் சுலபம். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி விடுங்கள். டைரெக்ட்: சீ, டீ, ஈ, ஐ, ஆர், ரீ. கிரெடிட்: சீ, டீ, ஈ, ஐ, ஆர், ரீ. இரண்டுக்கும் ஒரே சாவி. சாவி ஒன்றானால் எழுத்தும் ஒன்று.

இதைக் கணினி இல்லாமலே செய்தோம். பிறிஸ்டல் போட்டைச் சீட்டுகளாக வெட்டி, பாடப் புத்தகத்தின் சொற்களைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டேன். சீட்டின் நடுவில் சொல், கீழே தமிழ்ப் பொருள், வலது மேல் மூலையில் சாவி. எழுதிய சீட்டுகளைச் சாவியின் வரிசைப்படி ஒரு சப்பாத்துப் பெட்டியில் அடுக்கினால், ஒரே எழுத்துச் சொற்கள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். கார்டன் சீட்டைச் செருகப் போன பிள்ளை அதே இடத்தில் ஏற்கெனவே டேஞ்சர் இருப்பதைக் கண்டு கத்தியது. தேடிப் போகவில்லை, அடுக்கப் போன இடத்தில் கிடைத்தது.

பெட்டியில் இன்னொரு வேடிக்கையும் தெரிந்தது. ஏ பிரிவு பிதுங்கி வழிகிறது, பீ, சீ, டீ, ஈ வரை ஓரளவு நிறைந்திருக்கிறது, அதற்குப் பிறகு மெலிகிறது, கடைசிப் பக்கம் சீட்டே இல்லை. ஒரு சொல்லில் எங்காவது ஏ இருந்தால் அதன் சாவி ஏயில்தானே தொடங்கும். ஏன் இப்படி என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்தேன். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கொஞ்சம் யோசித்துச் சரியாகச் சொன்னது.

கணக்கில் பிரியமுள்ள பத்தாம் ஆண்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி காட்டினேன். எழுத்துகளுக்கு முதன்மை எண்களைக் கொடுங்கள்: ஏ 2, பலூனின் பீ 3, சீ 5, டீ 7, ஈ 11 என்று போகட்டும். சொல்லின் எழுத்துகளைப் பெருக்குங்கள். கெட்ட என்கிற 'பேட்' என்பது 3, 2, 7, பெருக்கினால் 42. அதைத் திருப்பிய 'டேப்' என்பதும் 42. எந்த எண்ணையும் முதன்மைக் காரணிகளாக ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும், அதனால் பெருக்கம் ஒன்றானால் எழுத்துகளும் ஒன்றாகத்தான் இருக்கும். நீளமான சொல்லுக்கு எண் பூதாகாரமாக வளரும், கையால் செய்ய லாயக்கில்லை. ஆனாலும் காரணிப்படுத்தலுக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதைப் பார்த்து இரண்டு பேர் கல்குலேட்டரை விடவே இல்லை.

சீட்டுப் பெட்டி முடிந்த பிறகு, மடிக்கணினியில் பைதானில் ஒரு சின்ன நிரல் எழுதி, பெரிய சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து இதே சாவி வேலையைச் செய்வித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, வந்ததில் பெரும்பகுதி குப்பை. ரீசன்ட்டுக்குப் பக்கத்தில் டென்ரெக் என்று ஒன்று, மடகஸ்காரில் இருக்கிற ஒரு சிறு விலங்காம். ரிடெயின்ஸ் என்பதற்குப் பக்கத்தில் ரெட்சினா, கிரேக்க நாட்டு மது. ஸ்கிராபிள் போட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் பொன். எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு எதற்கு? பிள்ளை எங்கும் வாசிக்காத சொல்லைச் சேர்த்தால், சரியான சொல்லையும் அது சந்தேகிக்கத் தொடங்கும். பட்டியலில் இருந்து, புத்தகத்திலும் பேப்பரிலும் அவர்கள் காணக்கூடிய சொற்களை மட்டும் சீட்டில் ஏற்றினோம்.

பாயில் நடப்பது

வகுப்பில் முறை எளிது. ஒரு சொல்லை நான் சொல்வேன், அடுக்குவார்கள். அடுக்கிய எழுத்துகளைத் தவிர மற்றவற்றைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். பிறகு பொருளை மட்டும் தமிழில் சொல்வேன். "இதே எழுத்தில் கடற்கரை வேணும்" என்றால் ஹோர்ஸை ஷோராக்க வேண்டும். எழுத்தைத் தூக்கக் கூடாது, தள்ளத்தான் வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். தள்ளும்போதுதான் எது எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணில் படுகிறது. சேக்ரட்டில் சீ எங்கே இருந்தது, ஸ்கேர்ட்டில் எங்கே வந்தது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால், எழுதும்போது பேனை அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. இதை நான் கொப்பிகளில் பார்க்கிறேன். எழுதி வெட்டித் திருத்திய அடையாளம் கூடியிருக்கிறது, அதுவும் சரியான இடத்தில். எல்லாப் பிழையும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஸ்பெல்லிங்கில் எழுத்தே கூடக்குறைய வருகிற பிழைகளுக்கு இது ஒன்றும் செய்யாது, அதற்கு வாசிப்புத்தான் வழி.

ஒருநாள் சிறு பையைக் கொடுக்காமல் பதினாறை மட்டும் கொடுத்திருந்தேன். ஒரு குழு 'ஹவுஸ்' என்று அடுக்கி வைத்திருந்தது. யூவே இல்லையே என்று குனிந்து பார்த்தால், 'என்' துண்டைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். அடியில் இருக்க வேண்டிய கோடு தலைக்கு மேலே நிற்கிறது.

"கோடு மேல கிடக்கே?" என்றேன்.

"அது வீட்டுக் கூரை சேர்," என்றான் எட்டாம் ஆண்டுக்காரன்.

புள்ளி கொடுத்துவிட்டேன்.

வைத்துப் பாவிக்கிறதில் சொல்ல வேண்டியது, துணிப்பையைச் சும்மா தரையில் வைக்காதீர்கள். கறையான் முதலில் பையைத் தின்னும், பிறகு சீட்டுப் பெட்டிக்குப் போகும். நாங்கள் பைகளையும் சீட்டுகளையும் பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் மாற்றிவிட்டோம். துண்டில் பிசுக்குப் பிடித்தால் ஈரத்துணி போதும், டர்பன்டைன் போட வேண்டாம், மேல் வார்னிஷ் மங்கும்.

மிஞ்சிய இரண்டு துண்டுகளுக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. கண்டல் தாவரங்களைப் பற்றிய பாடத்தில் கொன்சர்வேஷன் என்ற சொல் வந்தது. அதைக் கொன்வர்சேஷன் என்று வாசித்த பிள்ளையை மற்றவர்கள் சிரிக்க, ஒருத்தி இரண்டின் சாவியையும் எழுதிக் காட்டினாள். பன்னிரண்டு எழுத்தும் அச்சொட்டாக ஒன்று. ஓ இரண்டு, என் இரண்டு வேண்டும் என்பதால் இரண்டு குழுக்கள் பைகளைச் சேர்த்தால் அடுக்கிவிடலாம், ஆனால் வீ இல்லை. ஒரு துண்டில் வீ போட்டாயிற்று. மற்றதற்கு கே கேட்கிறார்கள், லேக்கைக் கலைத்து லீக் எடுக்க வேண்டுமாம். அச்சு வெட்டி வைத்திருக்கிறேன், மழை ஒருநாள் விட்டால் பெயின்ட் வைக்கலாம்.